குப்பம்மாளின் பறி

செசிலியாவின் வேலைக்கு அறக்கட்டளை வைத்திருந்த பெயர் ‘தரவுத் தோழி’. சென்னையில் யார் உட்கார்ந்து யோசித்து அந்தப் பெயரைக் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும். பழவேற்காடு ஏரியில் பசியாவரத்துக்கு எதிர்க்கரையில் இருந்த அந்தக் குப்பத்தில் அவளை எல்லாரும் எடைக்காரி என்றுதான் சொன்னார்கள். அவள் செய்ததும் அதுதான். இறால் தடவிவிட்டுக் கரையேறும் பெண்களின் பறிகளை, இறால் போடும் அந்த ஓலைக் கூடைகளை, ஒவ்வொன்றாகத் தராசுக் கொக்கியில் மாட்டி, எண்ணைப் பார்த்து, டேப்லெட்டில் அவரவர் பெயருக்கு நேரே போடுவாள். மூன்று வருஷமாக ஒரு நாள் விட்டதில்லை. புயல் எச்சரிக்கை வந்த நாளிலும் வந்து நின்று, யாரும் தண்ணீரில் இறங்கவில்லை என்று போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

அந்தப் பெண்களுக்குப் படகு கிடையாது, வலை கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குந்தி, ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறாலைப் பிடிப்பார்கள். படகுக்காரர்களுக்குக் கணக்கெடுக்க அரசாங்கத்தில் ஆள் உண்டு, சங்கத்தில் ஆள் உண்டு. இவர்களைக் கணக்கெடுக்க நாதியில்லை. அதனால்தான் நீர்க்கரை மகளிர் அறக்கட்டளை என்று ஒன்று வந்து தராசையும் செசிலியாவையும் கரையில் நிறுத்தியது. நல்ல காரியம்தான்.

ஆடி மாதம் பழவேற்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். அறக்கட்டளைக்குப் புதிதாக வந்திருந்த ஆலோசகர் சிவசங்கர் சுவரில் பெரிய தாளை ஒட்டி, பச்சைப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

“மூணு வருஷ டேட்டா நம்மகிட்ட இருக்கு. அது என்ன பண்ணுது? தூங்குது. நம்ம நோக்கம் ஒரு பக்கம் போகுது, டேட்டா ஒரு பக்கம் கெடக்குது. ரெண்டையும் சேர்த்துக் கட்டினாதான் ஏஐ-க்கு அர்த்தம். இல்லன்னா அது வெறும் வேடிக்கை.”

அறக்கட்டளையின் நோக்கம் தாளின் தலைப்பில் எழுதியிருந்தது: கையொடிந்து நிற்கும் பெண்ணை முதலில் கண்டுபிடித்து உதவுவது. இந்த வருஷம் நாற்பது பேருக்கு வைத்திய அட்டை கொடுக்கப் போகிறார்கள். அட்டை கிடைத்தால் வீட்டு வாசலுக்கு வண்டி வரும், கூட ஒரு பெண் வருவாள், சென்னையில் கைக்கென்றே இருக்கும் டாக்டரிடம் காட்டி, அறுவை வரைக்கும் பார்த்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். அறுநூறு பெண்களில் அந்த நாற்பது பேர் யார் என்பதை இனிமேல் ஆள் தேர்ந்தெடுக்க வேண்டாம், எடைகளைப் படித்துக் கணினியே சொல்லட்டும் என்பது யோசனை.

இதற்குச் செசிலியாவும் ஒரு காரணம். போன வருஷம் உதவிப் பட்டியலில் குழுத் தலைவியின் நாத்தனாரும் ஓரகத்தியும் வரிசையாக ஏறியபோது, “இது அநியாயம், ஆள் பாத்து குடுக்கறாங்க” என்று எழுந்து நின்று கத்தியவள் அவள்தான்.

“நீங்க சொல்லுங்க” என்று சிவசங்கர் அவளைப் பார்த்துக் கேட்டார். “ஒரு பொண்ணுக்கு உடம்பு முடியலன்னா உங்க டேட்டால அது எப்படித் தெரியும்?”

“எட குறையும் சார்” என்றாள் செசிலியா.

சிவசங்கர் உடனே திரும்பி அதைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதினார். நான்கு மாதம் மண்டையைப் பிய்த்துக்கொண்டோம், இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டாரே என்று கைதட்டச் சொன்னார். எல்லாரும் தட்டினார்கள். பக்கத்துக் கிராமத்து எடைக்காரர் பால்ராஜ் தானும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று எழுந்து, துறைமுகத்துக்குத் துப்புரவு வேலைக்குப் போய்விட்டவர்களின் பெயரெல்லாம் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது, இரண்டு வாரம் தொடர்ந்து பூஜ்யம் வந்தால் தொழிலை விட்டவர் என்று எடுத்துவிடலாம் என்றார். அதையும் எழுதினார்கள். அதற்குக் கைதட்டல் கொஞ்சம் குறைவு. அப்புறம் சமோசா வந்தது. செசிலியா அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தனக்குத் தானே சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

சிவசங்கர் கெட்ட மனுஷர் இல்லை, பால்ராஜும் இல்லை. இந்தக் கதையில் யாராவது ஒரு கெட்டவர் அகப்பட்டிருந்தால், பின்னால் செசிலியா அவரைத் திட்டியாவது மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள்.

ஆவணி நடுவில் குப்பம்மாளுக்குக் கெளுத்தி முள் குத்தியது. வலது கைக் கட்டைவிரல் அடியில், சதை தடித்திருக்கும் இடத்தில். நாற்பத்தைந்து வயதில் அவள் வாங்காத முள்ளா? சுண்ணாம்பைத் தடவிவிட்டு அன்று முழுக்க இறால் தடவினாள். மூன்றாம் நாள் கை பந்தாக வீங்கியது. அவளுக்குச் சர்க்கரை வேறு. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா எக்ஸ்ரே படம் எடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, முள் நுனி உள்ளேயே ஒடிந்து நிற்கிறது, எலும்பில் சீழ் பிடிப்பதற்கு முன் பெரிய ஆஸ்பத்திரியில் திறந்து எடுத்தாக வேண்டும், உடனே போங்கள் என்றார்.

குப்பம்மாள் பொன்னேரியைத் தாண்டிப் போனதில்லை. புருஷன் நாகப்பன் அதைவிடப் பயந்தவன்; சென்னையில் எந்த வாசலில் போய் எந்தச் சீட்டு வாங்குவது என்றே அவனுக்குத் தெரியாது. இருவரும் செசிலியாவிடம் வந்தார்கள்.

“அந்த வண்டி அனுப்பற அட்ட எப்பம்மா வருது?” என்று குப்பம்மாள் கேட்டாள்.

“இன்னும் ரெண்டு வாரத்துல பட்டியல் வந்துடும்க்கா. மொதப் பேரே உன்னுதா தான் இருக்கும். எட குறைஞ்சா கம்ப்யூட்டரே எடுத்துக்கும். நான் சொல்லித்தான் அப்டி வெச்சிருக்காங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. குப்பம்மாள் அதை நம்பிக் காத்திருந்தாள். மாத்திரை போட்டுக்கொண்டு, கையைத் துணியில் சுற்றிக்கொண்டு, வீட்டோடு இருந்தாள்.

அவள் பறி மட்டும் வீட்டில் இருக்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கதை விளங்காது. அந்தக் குப்பத்தில் ஏழு பெண்கள் ஒரு கூட்டாகத் தண்ணீருக்குப் போவார்கள். ஒருத்திக்கு முடியவில்லை என்றால், அவள் போகாவிட்டாலும் அவள் பறி தண்ணீருக்குப் போகும். இன்னொருத்தி அதையும் இடுப்பில் கட்டிக்கொள்வாள். கரையேறுவதற்கு முன் ஆறு பேரும் தங்கள் பறியிலிருந்து ஒரு பிடி அள்ளி அதில் போடுவார்கள். பிள்ளை பெற்றவளுக்கு, காய்ச்சல்காரிக்கு, மகள் கல்யாணத்துக்கு அலைபவளுக்கு, எல்லாருக்கும் இது நடந்திருக்கிறது. இதற்கு ஒரு பெயர்கூட அவர்கள் வைக்கவில்லை. நன்றி சொன்னால் சிரிப்பார்கள். ஒரே ஒரு கண்டிப்பு உண்டு: உயிரோடிருப்பவள் பறி கரைக்கு வராமல் இருக்கக் கூடாது, காலியாகவும் வரக் கூடாது. செத்தவள் பறியைத்தான் கவிழ்த்து வைப்பார்கள்.

பறியின் விளிம்பில் அவரவர் அடையாளத் துணி கட்டியிருக்கும். செசிலியா அந்தத் துணியைப் பார்த்துத்தான் பெயர் போடுவாள். மஞ்சள் துணி குப்பம்மாள். கொக்கியில் மஞ்சள் துணி தொங்கும், எண் ஓடி நிற்கும், குப்பம்மாள் பெயருக்கு நேரே அவள் அதைப் போடுவாள். குப்பம்மாள் வீட்டில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்த நாளெல்லாம் இப்படித்தான் போட்டாள். மூன்று வருஷப் பழக்கம். கை போட்டுக்கொண்டிருந்தது, மண்டபத்தில் தான் சொன்ன வார்த்தையும் இந்தப் பறியும் ஒன்றுக்கொன்று ஆகாதவை என்று மனசில் உறைக்கவில்லை.

பட்டியல் வந்த காலையில்தான் உறைத்தது.

அந்தக் குப்பத்திலிருந்து இரண்டு பெயர். அம்பிகா, ஜமுனா. இருவரும் குப்பம்மாளின் கூட்டுக்காரிகள், கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு. குப்பம்மாளுக்குச் சர்க்கரை, முடியாதவள் என்று மற்றவர்கள் ஒரு பிடி போட்டபோது இவர்கள் இரண்டு பிடி போட்டவர்கள். அதனால் இவர்கள் எடை நாள் தவறாமல் இறங்கியிருந்தது. குப்பம்மாளின் பெயருக்கு நேரே பச்சை வட்டம் இருந்தது. ‘நிலையான உழைப்பு. உதவி தேவையில்லை.’

செசிலியா அதை மூன்று தடவை படித்தாள். பிறகு தராசுக் கம்பத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சிவசங்கருக்கு போன் போட்டாள்.

அவர் முழுவதையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை.

“இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?” என்றார்.

“அது சொல்ற விஷயம்னே தோணல சார்.”

“எனக்குப் புரியுது செசிலியா. ஆனா பட்டியலைக் கையால மாத்தக் கூடாதுன்னுதானே இதையே கொண்டுவந்தோம். நீங்கதானே கேட்டீங்க. இப்ப நான் ஒரு பேரை எடுத்து இன்னொரு பேரைப் போட்டேன்னா, நாளைக்கு இன்னொருத்தர் பத்துப் பேரைப் போடுவார்.”

“அவுங்களுக்கு நெசமாவே கை போய்க்கினு இருக்குது சார்.”

“நான் மேல எழுதறேன். ஆனா இந்த எடையெல்லாம் கலந்ததுன்னு எழுதினா, அறுநூறு பேர் டேட்டாவும் சந்தேகம்னு ஆயிடும். மொத்தத் திட்டமும் நின்னுரும். நாற்பது பேருக்கும் இல்லாம போயிடும். வேற வழியைப் பாருங்க. மாசா மாசம் புதுசா ஓடும். டேட்டா மாறினா பட்டியல் தானா மாறும்.”

அவர் குரலில் களைப்பு இருந்தது. உண்மையைத்தான் சொன்னார். செசிலியாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

சாயங்காலம் அவள் குப்பம்மாள் வீட்டுக்குப் போனபோது அம்பிகாவும் ஜமுனாவும் அங்கே இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னாள். அம்பிகா உடனே, “இதுக்கா இவ்ளோ மூஞ்சிய தூக்கிக்கினு வந்தே? என் அட்டையில அவ போவட்டும்” என்றாள். பறியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போடும் அதே அலட்சியம். அட்டையில் படம் இருக்கும், ஆஸ்பத்திரியில் விரல் வைக்கச் சொல்வார்கள், ஆள் மாறினால் போலீஸ் வரைக்கும் போகும் என்று செசிலியா விளக்க வேண்டியிருந்தது. ஒருத்திக்குக் கொடுத்ததை இன்னொருத்தி வாங்கிக்கொள்வதில் என்ன திருட்டு இருக்கிறது என்று அம்பிகாவுக்குக் கடைசிவரை புரியவில்லை.

“அப்போ இன்னாதான் பண்ணணும்ன்றே?” என்று ஜமுனா கேட்டாள்.

செசிலியா தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். “நாளைலேர்ந்து அக்கா பறியை எடைக்குக் கொண்டார வேணாம். நீங்க குடுக்கறத நேரா ஊட்டுல குடுத்துடுங்க. எடையில அவுங்க பேர் கீழ எறங்கணும். அப்பதான் கம்ப்யூட்டருக்குக் கண்ணு தெரியும்.”

ஜமுனா தரையைப் பார்த்தாள்.

“நான் இன்னா செத்தா போயிட்டேன்?” என்றாள் குப்பம்மாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்ட மாதிரி இருந்தது.

“ஒரே ஒரு மாசம்க்கா. அட்ட வந்துட்டா கை பொழச்சிக்கும்.”

“பறி கரைக்கு வர்லன்னா நாலு பேரு இன்னா நெனைப்பாங்க?”

“நெனச்சிட்டுப் போவட்டும்க்கா. எனக்காவ.”

குப்பம்மாள் துணி சுற்றிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “எடைக்காரி சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள். செசிலியாவுக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

மறுநாளிலிருந்து மஞ்சள் துணி கரைக்கு வரவில்லை. ஆறு பறிகளும் எடை பார்த்த பிறகு பெண்கள் ஒதுங்கிப்போய் ஒரு பாத்திரத்தில் ஆளுக்கொரு பிடி போட்டுக் குப்பம்மாள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். திருட்டுச் சாமான் கொண்டுபோவது போலக் கூசிக்கொண்டு போனார்கள். பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு கிழவர் துக்கம் கேட்கவே வந்துவிட்டார். நாகப்பன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான். செசிலியா தினமும் குப்பம்மாள் பெயருக்கு நேரே பூஜ்யம் போட்டாள். போடும்போது உள்ளே ஒரு நம்பிக்கை இருந்தது. டேப்லெட்டில் அவள் எடைக் கோடு இறங்கிக்கொண்டே இருந்தது. வட்டம் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு வந்தது, மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு வந்தது. பத்தாம் நாள் அதைப் போய்க் குப்பம்மாளுக்குக் காட்டினாள். “செவப்பு வந்துட்டா போதும்க்கா.” குப்பம்மாளுக்கு அன்று ஜுரம். வட்டத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

பதினைந்தாம் நாள் காலையில் செசிலியா டேப்லெட்டைத் திறந்து மஞ்சள் துணிக்காரியின் பெயரைத் தேடினாள். சிவப்பு வட்டம் இல்லை. வட்டமே இல்லை. பெயரும் இல்லை. மேலே ஒரு வரி வந்து நின்றது: ‘தொடர்ந்து இரண்டு வாரம் பதிவு பூஜ்யம். தொழிலை விட்டவராகக் கருதி உறுப்பினர் நீக்கப்பட்டார்.’

பால்ராஜ் எழுந்து நின்று சொன்னது, சிவசங்கர் எழுதியது, தானும் கைதட்டியது, எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. பூஜ்யம் போட்ட இடத்தில் ஐம்பது கிராம் போட்டிருந்தால் போதும். ஒரே ஒரு பிடி. அந்த ஒரு பிடியைக் கொண்டுவரத்தானே அந்தப் பெண்கள் அத்தனை தவித்தார்கள், அவள்தானே வேண்டாம் என்றாள்.

சிவசங்கர் இந்த முறை உண்மையிலேயே அதிர்ந்துபோனார். அன்றைக்கே மேலே கடிதம் எழுதினார். நகலை செசிலியாவுக்கும் அனுப்பினார். உருக்கமாகத்தான் எழுதியிருந்தார். இரண்டு நாளில் பதில் வந்தது. மறுபடி தொழிலுக்கு வந்தால் புதிய உறுப்பினராகச் சேர்க்கலாம், தடையில்லை. ஆறு மாத எடை சேர்ந்த பிறகு அவரும் பட்டியலுக்குப் பரிசீலிக்கப்படுவார்.

ஆறு மாதம். கை ஆறு நாள்கூடப் பொறுக்கவில்லை. கட்டைவிரல் கறுத்துப்போன அன்று நாகப்பன் தன் பயத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு அவளைச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். செசிலியாவும் கூடப் போனாள். அவர்கள் பயந்த வாசலில் ஒரு காவலாளி வழி காட்டினார், சீட்டு பத்து நிமிஷத்தில் கிடைத்தது. உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று டாக்டர் சொன்னார். கட்டைவிரலும் அடுத்த விரலும் போய்விட்டன. ஒரு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் முள்ளை மட்டும் எடுத்திருக்கலாமே, ஏன் வரவில்லை என்று கேட்டார். நாகப்பன் செசிலியாவைப் பார்த்தான். இவள்தான் காத்திருக்கச் சொன்னாள் என்று அவன் சொல்லியிருக்கலாம்.

ஐப்பசி முதல் மழை விட்ட ஒரு காலையில் குப்பம்மாள் கரைக்கு வந்தாள். வெள்ளைக் கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். இறால் தடவுவதற்கு இனி அந்தக் கை உதவாது என்று அவளுக்குத் தெரியும். தன் பறியைப் பார்க்க வந்திருந்தாள். கூட்டுக்காரிகள் கரையேறினார்கள். அம்பிகாவின் இடுப்பில் இரண்டு பறி இருந்தது. ஒன்றில் மஞ்சள் துணி. அது நிறைந்திருந்தது, ஆளுக்கு ஒரு பிடியோடு அவர்கள் நிறுத்தவில்லை.

குப்பம்மாள் அதை இடது கையால் வாங்கினாள். தானே கொக்கியில் மாட்டுவதாகச் சொன்னாள். இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை மாட்டினாள். யாரும் கை கொடுக்கப் போகவில்லை. எண் ஓடி நின்றது.

“எவ்ளோம்மா?”

“ரெண்டு கிலோ எழுநூறுக்கா” என்றாள் செசிலியா.

டேப்லெட்டில் அந்தக் கூட்டுக்கு ஆறு பெயர்களே இருந்தன. அவள் விரல் அந்த ஆறு பெயர்களின் மேலும் கீழும் போய் வந்தது. ஏழாவதாக அமுக்க ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற அம்பிகா திரையைப் பார்த்தாள், செசிலியாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“போட்டுட்டியா?” என்று குப்பம்மாள் கேட்டாள்.

“போட்டுட்டேன்க்கா.”

குப்பம்மாளுக்கு முகம் தெளிந்தது. பறியைக் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு இரண்டடி நடந்தவள், ஏதோ நினைத்துக்கொண்டு நின்றாள்.

“நடுவுல பறி வராத நாளும் உட்டுப்போச்சி பாரு. அதையும் சேத்து போட்டுடும்மா. நான் இருந்தேன் இல்ல?”

செசிலியா தலையை ஆட்டினாள். பிறகு ஜமுனாவின் பறியைக் கொக்கியில் மாட்டச் சொன்னாள்.